மெய்ப்பு கண்ட எஃகு

அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கென வீட்டுப் பட்டறையில் துப்பாக்கி செய்துகொள்வதை நடுவண் அரசின் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. சில மாநிலங்களே கட்டுப்படுத்துகின்றன. இந்தியாவில் நிலை வேறு. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கியைச் செய்வதை மட்டுமன்று, அதைச் சோதிப்பதையும், மிகை அழுத்தத்தில் வெடித்து வலிமையை உறுதிசெய்யும் மெய்ப்பு காண்பதையும் தனித்தனியே பெயர் சொல்லித் தடை செய்கிறது. சோதனை என்பது செய்தொழிலின் வால்முனை அன்று, அதுவே ஒரு தனித்தொழில் என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கிறது.

அத்தொழிலின் முதற்படி போலித் தோட்டா. உருவிலும் அளவிலும் உண்மைத் தோட்டாவே. பித்தளை உறையும் முனையில் குண்டும் உண்டு. உள்ளே வெடிமருந்து இல்லை; அடியில் தீமூட்டியும் இல்லை, இருந்தாலும் உயிரற்றது. கையில் எடுத்தவுடன் அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காக உறையில் துளையிடுவர், அல்லது நெடுக்கே பள்ளம் கீறுவர். தோட்டா பெட்டியிலிருந்து மேலேறி அறைக்குள் செல்கிறதா, அறையின் பின்வாயை அடைக்கும் தாழ் முழுதும் திரும்பிப் பூட்டுகிறதா, கொக்கி உறையின் விளிம்பைப் பற்றி வெளியே இழுக்கிறதா என்பவற்றை இதனால் அறியலாம். அறியக்கூடியது அவ்வளவே. அசைவுக்குச் சான்று கிடைக்கிறது, வலிமைக்கு அன்று.

இதனை வெற்றுத் தோட்டாவோடு குழப்பிக்கொள்வோர் பலர். வெற்றுத் தோட்டாவில் மருந்து உண்டு, குண்டு இல்லை. போலித் தோட்டாவில் குண்டு உண்டு, மருந்து இல்லை. இரண்டு பாதியும் தவறாகச் சேர்ந்தால் ஒரு முழுத் தோட்டா பிறந்துவிடும். 1993 மார்ச்சில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரப் படப்பிடிப்பில் நடிகர் பிராண்டன் லீ இறந்தது அப்படித்தான். உண்மைத் தோட்டாக்களிலிருந்து மருந்தைக் கொட்டிப் போலிகள் செய்தவர்கள் தீமூட்டியை நீக்கவில்லை. அச்சிறு பொறியின் விசையிலேயே ஒரு குண்டு குழலுக்குள் நகர்ந்து சிக்கிக்கொண்டது. எவரும் குழலைப் பார்க்கவில்லை. பின்னர் அதே துப்பாக்கியில் இட்ட வெற்றுத் தோட்டா அதனை உந்தி வெளியே எறிந்தது.

அடுத்த வினா இடைவெளி பற்றியது. பூட்டிய தாழின் முகத்துக்கும் அறைக்குள் உறை சென்று தங்கும் தோளுக்கும் இடைப்பட்ட தொலைவு சற்றே மிகுந்தாலும் வெடிக்கும் நொடியில் பித்தளை நீண்டு கிழியும்; கொதிவளி சுடுபவர் முகத்தை நோக்கிப் பீறிடும். பித்தளைத் தோட்டா வடிவில் சிறிது வேறுபடுமாதலால் இதனை அளக்கப் போலித் தோட்டா போதாது. கடினப்படுத்திய எஃகாலான அளவுக்கட்டைகள் வேண்டும். பரவலாகப் புழங்கும் .308 அளவில், தாழ் பூட்டவேண்டிய கட்டைக்கும் பூட்டக்கூடாத கட்டைக்கும் உள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டர் அளவே.

இவ்வளவும் தேறிய பின்னரே நெருப்பு. .308 தோட்டாவில் எழும் உச்ச அழுத்தத்துக்குப் பன்னாட்டு மெய்ப்பு ஆணையம் வகுத்த எல்லை 4150 பார். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப்போல நாலாயிரம் மடங்கு. தாழின் முகத்தைத் தாக்கும் விசை ஏறத்தாழ மூன்று டன் எடைக்கு நிகர். இவை கணத்தில் தோன்றி மறைவதால் நெடுங்காலம் அளக்கவே இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய இயற்பியலாளர் ஆண்ட்ரூ நோபிள் ஒரு சிறு செப்பு உருளையை அழுத்தத்தால் நசுங்கவிட்டு, குறைந்த உயரத்தைக் கொண்டு கணித்தார். இன்று அழுத்தத்தை மின்னூட்டமாக மாற்றும் படிகங்கள் அப்பணியைச் செய்கின்றன.

அளவி இல்லாத காலத்திலும் மெய்ப்பு காண வழி இருந்தது: வழக்கத்தைவிட மிகுதியாக மருந்திட்டு, ஆள் விலகி நின்று வெடிக்கச் செய்வது. இன்றைய பெல்ஜியத்தின் லீஜ் நகரில் 1672இல் இதற்கு ஆணை பிறந்தது; இங்கிலாந்தின் பர்மிங்காம் மெய்ப்பு மனை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்தது. வணிகப் போட்டியில் மலிந்த குழல்கள் கைகளைச் சிதைத்ததே இவற்றுக்கு அடிப்படை. நீண்ட குழல் துப்பாக்கிக்கு இன்றைய விதி, உச்ச எல்லைக்கு மேல் 25 விழுக்காடு. வீங்காமல், விரியாமல் தப்பிய எஃகில் முத்திரை பொறிப்பர்.

முத்திரையும் முழுச் சான்று ஆகிவிடாது. அமெரிக்கப் படையின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 துப்பாக்கிகள் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 70,000 பவுண்டு அழுத்தத்தில் மெய்ப்புக் கண்டவை. ஆயினும் 1917இல் சில துப்பாக்கிகளில் தாழ் அமரும் எஃகுக் கூடுகள் வெடித்துச் சிதறின. ஆய்ந்தபோது குற்றம் உலைக்களத்தில் கிடந்தது. காய்ந்த எஃகின் வெம்மையைக் கொல்லர் கண்ணால் மதித்தனர். நிறத்தை அறியும் தேர்ந்த கண்தான். ஆனால் பட்டறைக்குள் பாயும் வெயிலில் செந்நிறம் மங்கித் தோன்றுமாதலால் இன்னும் காய்ச்சினர். கார் சூழ்ந்த நாளுக்கும் கதிர் எறிக்கும் நாளுக்கும் 300 பாரன்ஹீட் பாகைவரை வேறுபாடு இருந்ததென்று அமெரிக்கப் படைக்கல அதிகாரி ஜூலியன் ஹாட்சர் எழுதியுள்ளார். மிகை வெப்பத்தில் எஃகின் மணிகள் பெருத்து நொறுங்குதன்மை கூடிற்று. அத்தகைய எஃகு சீராக ஏறும் அழுத்தத்தைத் தாங்கிவிடும். பித்தளை உறை கிழிந்து கொதிவளி திடீரென அறைந்தாலோ கண்ணாடிபோல் உடையும். மெய்ப்புத் தோட்டாவின் உறை கிழியாமல் நின்றதால் அக்குறை வெளிப்படவே இல்லை.

அதன்பின் கண்ணின் இடத்தில் வெப்பமானி வந்தது. 1918 தொடக்கத்தில் எஃகை இருமுறை பதப்படுத்தும் முறையும் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் வரிசை எண் 8,00,000 வரையும், அதே துப்பாக்கியைச் செய்த ராக் ஐலண்டு சாலையில் 2,85,507 வரையும் அமைந்தவை ஐயத்துக்குரியவை என்று வகுத்தனர். அவ்வெண்களுக்குக் கீழ்ப்பட்ட துப்பாக்கியைச் சுடலாமா என்பதைச் சேகரிப்பவர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.