பெயர் ஒன்று, ஆள் வேறு

இணையப் பக்கத்தில் ஒரு காரை விரலால் சுழற்றி எல்லாப் பக்கமும் பார்த்திருக்கிறீர்களா? இத்தகைய முப்பரிமாணப் படங்களை உலாவியில் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகங்களில் புகழ்பெற்றது திரீ.ஜேஎஸ். ரிக்கார்டோ கபேயோ என்பவர் 2010இல் இதை வெளியிட்டார்.

இதில் 'மெஷ்' என்பது முக்கோணங்களை ஒட்டி உருவாக்கிய வடிவம். அது 'ஆப்ஜெக்ட்3டி' என்ற தாய் வகையின் பிள்ளை. இடம், திசை, அளவு போன்ற பண்புகள் தாயிடமிருந்து வருகின்றன. இதையே மரபுரிமை என்கிறோம்.

நீங்கள் எழுதும் விளையாட்டில், தொட்டதும் மெஷ் மட்டும் நிறம் மாற வேண்டும். தொட்ட பொருள் மெஷ்தானா? இதைக் கண்டறிய ஜாவாஸ்கிரிப்டில் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' உண்டு. அது பெயரைப் பார்ப்பதில்லை. தாய், பாட்டி என்று கொடிவழியில் மேலே ஏறி, "இதே ஆள் இங்கே இருக்கிறாரா?" என்று தேடும்.

சிக்கல் இங்கேதான். உங்கள் நிரல் நூலகத்தின் ஒரு பிரதியை ஏற்றுகிறது. நீங்கள் சேர்த்த துணைக் கருவியோ தனக்கென்று இன்னொரு பிரதியை ஏற்றிவிடுகிறது. இப்போது நினைவகத்தில் இரண்டு மெஷ் வகைகள்! ஒரே ஊரில் இரண்டு முத்துசாமிகள் இருந்தால், ஒருவருடைய பேரன் மற்றவருக்குப் பேரன் ஆவானா? துணைக் கருவி உருவாக்கிய பெட்டி திரையில் அழகாகத் தெரியும். தொட்டால் மட்டும் நிறம் மாறாது. நிரலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பல பிரதிகள் ஏற்றப்பட்டுள்ளன என்று திரீ.ஜேஎஸ் உலாவியின் கன்சோலில் எச்சரிக்கும்தான். ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

அதனால் திரீ.ஜேஎஸ் கொடிவழியை நம்பியிராமல், ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் 'இஸ்மெஷ்' என்ற வில்லையைக் குத்தி அனுப்புகிறது. எந்தப் பிரதியில் பிறந்தாலும் வில்லை இருக்கும். மெஷ் அல்லாத ஒன்றுக்கும் அதே வில்லையை யாராவது குத்திவிடலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் நடைமுறையில் இதுவே வசதி.

வில்லையிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளை, தாயின் வில்லையையும் சேர்த்தே அணிந்திருக்கும். 'லைன்' என்பது புள்ளிகளை வரிசையாக இணைக்கும் தொடர்கோடு. அதன் பிள்ளையான 'லைன்செக்மென்ட்ஸ்' தனித்தனித் துண்டுகள். "நீ லைனா?" என்று கேட்டால் இரண்டுமே "ஆம்" என்னும். ஆகவே "நீ லைன்செக்மென்ட்ஸா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கேள்விகளின் வரிசையை மாற்றிவிட்டால், தனித்தனிக் கோடுகளாக வரவேண்டிய கட்டம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறுக்குக் கோடுகள் இழுபட்டு, கோணல்மாணலாகிவிடும்.