ஒலி டிரைவர் பழுதும் பழுதுபார்ப்பும்

ஒலி டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் கணினியின் ஒலிச் சில்லுக்கும் நடுவே நிற்கும் சிறு மென்பொருள். பாட்டு ஓடும்போது இயங்குதளம் இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 அல்லது 48,000 எண்களை நினைவகத்தில் வரிசையாக நிரப்புகிறது. அவற்றை நேரம் தவறாமல் கோடெக் எனப்படும் அந்த ஒலிச் சில்லுக்குக் கொண்டுபோவதும், சில்லின் எந்தக் காலில் ஸ்பீக்கர், எந்தக் காலில் ஹெட்போன் என்று சொல்வதும் டிரைவரின் வேலை. கோவையின் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டாரும் நன்றாக இருக்கும், கரண்டும் வரும். ஸ்டார்ட்டர் பொருந்தாவிட்டால் தண்ணீர் மட்டும் வராது. வெளியீட்டுக்கு முந்தைய இயங்குதளத்தில் ஒலி நின்றுபோவதும் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்பீக்கரைக் கழற்றத் தேவையில்லை.

தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மீது கட்டப்பட்டது. டெபியனில் புது மென்பொருள் முதலில் ‘சிட்’ என்ற நிலையற்ற பிரிவுக்கு வரும். அடுத்துச் சோதனைப் பிரிவு. அங்கே தேறினால்தான் நிலையான வெளியீடு. முதலிரு படிகளில் கெர்னல் என்ற இயங்குதளத்தின் கரு மாறிக்கொண்டே இருக்கும். அதன் உள் இணைப்புகள் மாறாது என்ற உறுதியை லினக்ஸ் தருவதில்லை. நேற்றைய கெர்னலுக்கென்று தனியாகத் தொகுத்த டிரைவர் இன்று ஏறாமல் போவது அதனால்தான்.

இன்னொரு காரணம் ஃபர்ம்வேர். புதிய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலியைக் கவனிக்கத் தனிச் செயலி உண்டு; அதற்குள் ஃபர்ம்வேர் என்ற கோப்பை ஏற்றினால்தான் அது விழிக்கும். 2023இல் வந்த 12ஆம் பதிப்புக்கு முன்பு, டெபியனின் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இத்தகைய கோப்புகள் இல்லை. அந்தக் கோப்பு இல்லாத கணினியில் ஒலி அமைப்பைத் திறந்தால் ‘டம்மி அவுட்புட்’ என்ற ஒற்றை வரி நிற்கும். சில்லு செத்துவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த வரியைப் பார்த்துத்தான். உரிய ஃபர்ம்வேர் பொதியை நிறுவி, கணினியை மறுபடி தொடங்கினால் பல சமயம் ஒலி வந்துவிடும்.

சாதனம் பட்டியலில் தெரிந்தும் சத்தம் இல்லையென்றால் முதலில் லினக்ஸின் ஒலியளவுக் கருவியான ஆல்சாமிக்சரைத் திறக்க வேண்டும். எஃப்6 அழுத்திச் சரியான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்ததும் உயரமான பட்டைகள் வரும். பட்டையின் அடியில் ‘எம்எம்’ என்றிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. எம் விசையைத் தட்டினால் திறக்கும். ஒலியளவு நூறில் இருந்தாலும் இந்த அடைப்பு தானாக விலகாது.

அதிலும் தீராவிட்டால், தொடக்கத் திரையில் பழைய கெர்னலைத் தேர்ந்து ஏற்றிப் பார்ப்பதுதான் சிறந்த சோதனை. பழையதில் ஒலி வந்தால் குற்றம் புதிய கெர்னலில்தான். இடையில் ஆயிரம் மாற்றங்கள் நடந்திருந்தாலும், பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்தால் சுமார் பத்தே முயற்சியில் பழுதான மாற்றம் அகப்படும். விண்டோஸின் முன்னோட்டப் பதிப்புகளில் இதற்கு ஈடான வழி, டிவைஸ் மேனேஜரில் டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்புவது. அதுவும் பலிக்காவிட்டால் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரைப் போடலாம்; தயாரிப்பாளர் சேர்த்த ஒலி மெருகு போகும், பாட்டு கேட்கும்.

பழுது சில மாடல்களில் மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு. 2004இல் இன்டெல் வகுத்த எச்டி ஆடியோ என்னும் தரம் எல்லோருக்கும் பொது. ஆனால் கால்களை இணைக்கும் விதம் மாடலுக்கு மாடல் வேறு; பயாஸ் தரும் அட்டவணையும் சில சமயம் தவறு. அதற்காகவே ரியல்டெக் நிறுவனத்தின் ஒலிச் சில்லுகளுக்கான லினக்ஸ் டிரைவருக்குள் மாடல்வாரியான திருத்தங்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதன் பல வரிகள், யாரோ ஒருவர் தம் கணினி ஊமையானதைப் பொறுமையாக எழுதி அனுப்பியதால் வந்தவை. ஆகவே ஒலி திரும்பியதோடு நின்றுவிடாமல், கோடெக்கின் பெயர், சப்சிஸ்டம் எண், ஒலி வந்த கடைசி கெர்னல், வராத முதல் கெர்னல் நான்கையும் குறித்து உருவாக்குநர்களுக்கு அனுப்புங்கள். அதே மாடல் வைத்திருக்கும் அடுத்தவருக்கு நிலையான வெளியீட்டில் பாட்டு கேட்கும்.