பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் தாய்க்கும் ஒரு சோதனை

“மாசமா இருந்தப்ப சுகர் இருந்துச்சு. பிள்ளை பெத்ததும் போயிருச்சு.” திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் காலனிகளில் இளம் தாய்மாரிடம் பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் பதில் இது. இதில் பாதிதான் உண்மை. பிரசவத்தோடு பெரும்பாலான தாய்மாருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. ஆனால், கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தவருக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் அதிகம் என்கிறது 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு.

சர்க்கரை பணக்காரர் வியாதி அல்ல. கருவேலம் வெட்டப் போகும் பெண்ணுக்கு அது வந்தால், கால் மரத்துப்போகலாம். தைத்த முள் தெரியாது. புண் ஆறாது. அன்றாடக் கூலி நின்றுபோகும்.

கர்ப்பிணிகளைச் சோதிப்பதில் தமிழ்நாடு முன்னோடி. சென்னை மருத்துவர் வி.சேஷையாவின் முயற்சியால் 2007-ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனையை அரசு கொண்டுவந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அளவு 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை.

சிக்கல் பிரசவத்துக்குப் பிறகுதான். ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். அப்போது தாய் அம்மா வீட்டில் இருக்கிறார். அவரைக் கர்ப்பத்தில் கவனித்த செவிலியர் கணவர் ஊரில் இருக்கிறார். திரும்பி வந்ததும் நூறு நாள் வேலை, தீப்பெட்டி வேலை என்று ஓட்டம் தொடங்கிவிடுகிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் பொதுப் பரிசோதனையோ 30 வயதில்தான் தொடங்குகிறது. 22 வயதுத் தாய் அதுவரை எந்தக் கணக்கிலும் வராமல் போகிறார்.

இதற்கு எளிய வழி உண்டு. பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரம்தான். எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊசியை நம் தாய்மார் விடுவதில்லை. அதையொட்டியே தாயும் காலையில் வெறும் வயிற்றில் போய்ச் சோதித்துக்கொள்ளலாம். ஊசி துணை சுகாதார நிலையத்தில் என்றால், சோதனை எங்கே, எப்போது என்று செவிலியரிடம் முன்பே கேட்டுவைக்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம். அடுத்த கர்ப்பத்தில் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

தடுக்க முடியுமா? முடியும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் சென்னை மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28 சதவீதம் குறைந்தது. சோற்றைக் குறைத்து, பயறும் கீரையும் கூட்டுவதுதான் தொடக்கம். உட்கார்ந்தே தீப்பெட்டி ஒட்டுபவருக்கு நடையும் வேண்டும்.

ஆனால் வகுப்பு நடத்தினால் மட்டும் போதாது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 1,601 தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வந்தது. பயிற்சி பெற்ற குழு, பெறாத குழு இரண்டிலுமே சுமார் 14 மாதங்களில் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நிலை மோசமாகியிருந்தது. கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வரச் சொல்லும் வகுப்பு நம் தாய்மாருக்கு ஆகாது. காலனி அங்கன்வாடியிலோ சமுதாயக் கூடத்திலோ, வேலை முடிந்த மாலையில் அது நடக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அந்த ஊழியரின் பட்டியலில் இந்தத் தாய்மாரின் பெயரும் சேர வேண்டும். இதைக் கிராமசபையில் கேட்போம்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. வீட்டில் அக்கா, மதினியின் தாய்சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். சர்க்கரை 140-க்கு மேல் எழுதியிருந்தால், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.