‘எப்போதும் இப்படித்தான்’ என்றால் எத்தனை ஆண்டுகள்?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் புதிய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு பதில் உண்டு: “இங்கே எப்போதும் இப்படித்தான்.” விடுதியில் எல்லாரும் சேர்ந்து எழுப்பும் முழக்கம், போட்டிக்கு முந்தைய இரவு கண்விழிப்பது, அறிமுக முகாமில் முதலாண்டு மாணவர்களைச் செய்யச் சொல்லும் ஏதோ ஒரு விளையாட்டு என எதைப் பற்றி ‘ஏன்’ என்று கேட்டாலும் ‘மரபு’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் மாணவர் குழுக்களில் பொறுப்பேற்கும் தம்பி தங்கைகள் இன்றும் என்னிடம் வந்து நிற்பார்கள். “அக்கா, இதில் பாதிப் பேருக்கு விருப்பமே இல்லை. நிறுத்தினால் சீனியர்கள் கோபப்படுவார்கள். மரபாயிற்றே, என்ன செய்வது?” என்பார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், எதை மரபு என்பது என்று முதலில் தெளிவாக வேண்டும்.

நான்கு ஆண்டு நினைவு

வயதை மட்டும் வைத்து மரபை அளக்க முடியாது. ஏனென்றால் பல்கலைக்கழக வளாகத்தின் நினைவாற்றல் மிகக் குறைவு. பெரும்பாலான பட்டப்படிப்புகள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முடிகின்றன. இன்று ஒரு குழு புதிதாக ஒன்றைத் தொடங்கினால், ஐந்தாம் ஆண்டில் அதன் தொடக்கத்தைப் பார்த்த ஒரு மாணவர்கூட அங்கே இருக்கமாட்டார். அப்போது அது ‘எப்போதும்’ இருந்ததாகவே எல்லாருக்கும் தோன்றும்.

எங்கள் விடுதியிலும் ஒரு முழக்கம் இருந்தது. பல தலைமுறைப் பழைமை வாய்ந்தது என்று சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முன்னாள் மாணவர் சந்திப்பில் அதைத் தொண்டை கிழிய முழங்கினோம். எங்களுக்கு ஆறு ஆண்டு மூத்த அண்ணன் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு, புதுசா?” என்றார். யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை. தங்களுக்குச் சொல்லப்பட்டதை அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

வளாகத்துக்கு வெளியிலும் இது நடக்கும். வரலாற்றாசிரியர்கள் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த ‘தி இன்வென்ஷன் ஆஃப் டிரடிஷன்’ என்ற நூல், மிகப் பழையவை என்று நாம் நம்பும் பல சடங்குகள் அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்டவை என்று காட்டியது. ஆகவே, புதியது என்பதற்காக ஒன்றைப் போலி என்று தள்ளிவிட முடியாது. பழையது என்பதற்காகவே கொண்டாடவும் வேண்டியதில்லை.

நிறுத்தப்பட்டவையும் தொடர்ந்ததும்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ‘ராக் அண்ட் ஃபிளாக்’ நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இது 1950களில் தொடங்கியது. அந்தப் பல்கலைக்கழகம் 1962இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆகி, 1980இல் நன்யாங் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இன்றைய பெயரைப் பெற்றது. நிறுவனத்தின் பெயர் மாறிய பின்னும் நிகழ்வு நிலைத்தது. மாணவர்கள் உண்டியல் ஏந்தித் தெருவில் இறங்கி அறப்பணிக்கு நிதி திரட்டுவது ஒரு பாதி. கொடுத்த மக்களுக்கு நன்றியாக அலங்கார வண்டிகளும் ஆட்டமும் படைப்பது மறுபாதி. அந்த வண்டிகளின் தோற்றமும் அவற்றுக்குப் பயன்படும் பொருள்களும் நிகழ்ச்சி நடக்கும் இடமும் காலத்துக்கேற்ப மாறியிருக்கின்றன. வாங்குவதும் கொடுப்பதும் என்ற உள்ளடக்கம் மட்டும் மாறவில்லை.

2016ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் சில அறிமுக முகாம்களில் பாலியல் சாயல் கொண்ட விளையாட்டுகள் நடந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. முதலாண்டு மாணவர்களுக்காக மாணவர்கள் நடத்திய நிகழ்ச்சிகளைப் பல்கலைக்கழகம் உடனடியாக நிறுத்தியது. ‘ராக் அண்ட் ஃபிளாக்’ மட்டும் அதில் விதிவிலக்கு. முகாம் விளையாட்டுகளையும் சிலர் ‘எங்கள் மரபு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவை யாருக்காக நடக்கின்றன என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை. உண்டியல் ஏந்தியவர்களிடம் பதில் இருந்தது.

மரத்தண்டுகளும் மெழுகுவத்திகளும்

பதில் இல்லாத மரபு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் பெரும் விலை கொடுத்துப் பாடம் கற்றது. டெக்சஸ் பல்கலைக்கழகத்துடனான காற்பந்தாட்டத்துக்கு முன்பு அங்கே மாணவர்கள் பெரிய சொக்கப்பனை எரிப்பார்கள். 1909வாக்கில் குப்பையையும் பழைய மரத்தையும் குவித்துக் கொளுத்தியதாகத் தொடங்கிய வழக்கம், பின்னர் ஆயிரக்கணக்கான மரத்தண்டுகளை அடுக்கிக் கட்டும் கோபுரமாக வளர்ந்தது. 1969இல் அதன் உயரம் 100 அடியைத் தாண்டியது. கட்டும் முறையை மூத்தவர் இளையவருக்கு வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது.

1999 நவம்பர் 18 அதிகாலையில், கட்டிக்கொண்டிருந்தபோதே அந்த அடுக்கு சரிந்தது. 11 மாணவர்களும் ஒரு முன்னாள் மாணவரும் உயிரிழந்தனர். 27 பேர் காயமடைந்தனர். விசாரணைக் குழு கட்டுமானக் குறைகளோடு நிறுத்தவில்லை. முறையான பொறியியல் வடிவமைப்போ போதிய மேற்பார்வையோ இல்லாமல் பல ஆண்டுகளாக இது நடக்க விடப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. பொறியியலுக்குப் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில், ‘எப்போதும் இப்படித்தான் கட்டுகிறோம்’ என்பதே போதுமான சான்றாக இருந்திருக்கிறது.

அதே வளாகத்தில் இன்னொரு மரபும் உண்டு. ஒவ்வோர் ஏப்ரல் 21ஆம் தேதியும் அந்த ஆண்டில் மறைந்த மாணவர்களின், முன்னாள் மாணவர்களின் பெயர்களை வருகைப் பதிவு எடுப்பதுபோல வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் உறவினரோ நண்பரோ எழுந்து, நம் பள்ளிகளில் ‘உள்ளேன்’ என்போமே, அப்படிப் பதில் கொடுத்து மெழுகுவத்தி ஏற்றுவார். சொக்கப்பனை இப்போது வளாகத்துக்குள் இல்லை. இது தொடர்கிறது.

‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா?

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் படிக்கப் போகும் தமிழ்நாட்டில் ராகிங்கையும் ஒரு காலத்தில் ‘கல்லூரிப் பழக்கம்’ என்றே விட்டுவைத்தார்கள். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1998இல் இலங்கையும் இயற்றியது. ஒரு ‘பழக்கத்தை’ நிறுத்தச் சட்டமே தேவைப்பட்டது என்றால், அதற்கு உள்ளானவர்களால் மறுக்க முடியவில்லை என்று பொருள்.

வயதைவிட நம்பகமான அளவுகோல் இதுதான் என்பேன். அந்தக் கூட்டத்திலேயே புதியவர், தனியாக இருப்பவர், “எனக்கு வேண்டாம்” என்று சொல்லலாமா? சொன்ன பிறகும் மறுநாள் அதே மேசையில் அமர்ந்து சாப்பிடலாமா? முடியும் என்றால் அந்த மரபு உறுதியாக இருக்கிறது. முடியாது என்றால், அங்கே மரபு என்ற பெயரில் நடப்பது அதிகாரம்.

நம் பேரவைகள் காட்டும் வழி

நல்ல மரபுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைப் ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாக்கி வருகிறது. மாணவர்கள் மட்டுமல்லாமல் பொதுமக்களும் எழுதுகிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை ‘சங்கே முழங்கு’ மேடை நாடகத்தைப் படைத்து வருகிறது. கதை மாறும், நடிகர்கள் மாறுவார்கள், திரைக்குப் பின்னால் உழைப்பவர்களும் மாறுவார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல், தேர்வுக் கவலைக்கு நடுவிலும் ஓர் அணி வந்து சேர்கிறது.

இவற்றில் நான் கவனித்தது ஒன்று. முந்தைய அணி விட்டுச்சென்றதை அடுத்த அணியால் அப்படியே திருப்பிச் செய்ய முடியாது. புதிய கதை வேண்டும், புதிய நாடகம் வேண்டும். ஆகவே ‘ஏன் செய்கிறோம்’ என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் தானாகவே எழுகிறது. வழக்கு காலத்தோடு மாறுவதை நன்னூலாரே குற்றமாகக் கொள்ளவில்லை. விடுதி முழக்கத்துக்கு மட்டும் ஏன் தனி இலக்கணம்?

இவ்வாண்டு பொறுப்பேற்கும் தம்பி தங்கைகளுக்கு என் யோசனை எளிமையானது. உங்கள் குழு ஆண்டுதோறும் செய்யும் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதி வையுங்கள்: எப்போது தொடங்கியது, எதற்காகச் செய்கிறோம், விருப்பமில்லாதவர் எப்படி விலகிக்கொள்ளலாம். தொடங்கிய ஆண்டு தெரியாவிட்டால் முன்னாள் மாணவர் இருவரைக் கேளுங்கள். ‘எதற்காக’ என்ற இடத்தில் எழுத ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை என்றால், அதை நிறுத்தச் சீனியரின் அனுமதி தேவையில்லை. அந்த வரி கிடைத்துவிட்டால், உங்களுக்குப் பின் வருபவர்களிடம் ‘எப்போதும் இப்படித்தான்’ என்று சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது. காரணத்தையே சொல்லலாம்.