கம்பனி கொழும்பிலே, வேலை பதுளையிலே: வழக்கு எங்கே?

"கம்பனி கந்தோர் கொழும்புல இருக்கு. துரைக்கே உத்தரவு அங்கேயிருந்துதான் வருது. நாங்க பசறையிலிருந்து கொழும்புக்குப் போய்க் கேஸ் போட ஏலுமா?"

தோட்டங்களில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பஸ் செலவு, பேர் இல்லாமல் போகும் நாட்கள், பழக்கமில்லாத ஊர் என்று யோசித்தே பலர் தமக்குச் சேர வேண்டிய காசைக் கைவிட்டு விடுகிறார்கள். ஆனால் சட்டம் நம்மைக் கொழும்புக்கு அனுப்பவில்லை.

முதலாளி எப்போதும் தூரத்தில்தான்

1975க்கு முன்னர் நமது தோட்டங்களில் பல, லண்டனில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகளுக்குச் சொந்தமாக இருந்தன. 1975ல் அவை அரசுடைமையாகி, ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் போய்ச் சேர்ந்தன. 1992ல் நிர்வாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்தது. தலைமைக் கந்தோர் எங்கெங்கோ மாறியது. கொழுந்து எடுக்கும் மலை மாறவில்லை. வழக்கு எங்கே என்பதையும் பெரும்பாலும் இந்த மலைதான் தீர்மானிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889ல் வந்தது. அதன் 9ம் பிரிவு வழக்குப் போட நான்கு இடங்களைக் காட்டுகிறது: எதிராளி வசிக்கும் இடம், வழக்குக்குரிய காணி இருக்கும் இடம், வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்த இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம். இதில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும். காணியோ சம்பவமோ பதுளையில் என்றால், "எங்கள் கந்தோர் கொழும்பில்" என்று சொல்லிக் கம்பனி தப்ப முடியாது.

வேலையை விட்டு நிறுத்தினால்

இதற்குத் தொழில் நியாய சபை, நம்மவர் வாயில் லேபர் கோர்ட், இருக்கிறது. 1950ம் ஆண்டின் தொழிற்பிணக்குச் சட்டத்தின் கீழ், பொதுவாக வேலை செய்த இடத்துக்குரிய சபையில்தான் விண்ணப்பம் போட வேண்டும். தொழிலாளியே போடலாம், அங்கத்தவருக்காகச் சங்கமும் போடலாம். ஆனால் வேலை நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். "தலைவர் பேசிப் பார்ப்பார்" என்று காத்திருந்து இந்தத் தவணையை விட்டுவிடாதீர்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், விண்ணப்பம் ஒரு பக்கம் போகட்டும்.

தீர்ப்பை எதிர்த்துக் கம்பனி மேன்முறையீடு செய்தால்? 1990ம் ஆண்டின் 19ம் இலக்கச் சட்டப்படி, ஒரு மாகாணத்துக்குள் இருக்கும் தொழில் நியாய சபைகளின் கட்டளைகள் மீதான மேன்முறையீடு அதே மாகாணத்தின் மேல் நீதிமன்றத்துக்கே போகும். ஊவாவில் கொடுத்த கட்டளைக்கு ஊவா மாகாண மேல் நீதிமன்றம். அந்தக் கட்டத்திலும் மலையேறி வர வேண்டியது கம்பனிதான்.

ஈ.பி.எப். கட்டாமல் விட்டால்

சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதியைக் கம்பனி கட்டவில்லை என்றால் நாம் நேரே கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. தொழில் கந்தோரில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். 1958ம் ஆண்டின் 15ம் இலக்கச் சட்டப்படி, கம்பனியின் சொத்து இருக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்துக்குத் தொழில் ஆணையாளர் சான்றிதழ் அனுப்பி அறவிடலாம். அது சரிவராதபோது வேலைத்தலம் இருக்கும் பகுதியின் நீதவானுக்கும் அனுப்பலாம். சேவைக்காலப் பணம் 5 வருடம் வேலை செய்தவருக்கு, விலகி 30 நாளுக்குள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதற்கும் தொழில் கந்தோரே முதல் படி.

வெளிநாட்டிலும் இதே தகராறு

அமெரிக்காவில் ஒரு சப்பாத்துக் கம்பனியின் தலைமையகம் மிசூரி மாநிலத்தில் இருந்தது. தூரத்து வாஷிங்டன் மாநிலத்தில் அதற்குக் கந்தோர் இல்லை. விற்பனையாளர்கள் ஒரு டசின் பேர் அளவில்தான் இருந்தார்கள். அவர்களுக்காக வேலையிழப்பு நிதிக்குப் பணம் கட்டச் சொன்னது வாஷிங்டன் மாநிலம். "உங்கள் கோர்ட்டுக்கு எங்கள் மேல் அதிகாரம் இல்லை" என்றது கம்பனி. 1945ல் உச்ச நீதிமன்றம் கம்பனியின் வாதத்தை ஏற்கவில்லை. ஒரு மாநிலத்தில் தொடர்ந்து வியாபாரம் செய்து பலன் எடுக்கிறவர், அந்த வியாபாரத்தால் வந்த வழக்குக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்றது.

கென்யாத் தேயிலைத் தொழிலாளர்கள் மறுபக்கமாகப் போனார்கள். வேலையால் முதுகு கெட்டுப்போனது என்று, ஸ்கொட்லாந்தில் பதிவான ஜேம்ஸ் பின்லே (கென்யா) கம்பனி மீது எடின்பரோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கென்யாவின் சொந்த இழப்பீட்டு முறையில் முதலில் பார்க்கட்டும் என்று 2023ல் மேல் அமர்வு வழக்கை நிறுத்தி வைத்தது. பதிவான ஊரில் வழக்குப் போட வழி இருந்தாலும், வேலை செய்த ஊரின் சட்டத்தை அவ்வளவு இலேசாகத் தாண்ட முடியாது என்பதை இது காட்டுகிறது.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு

இதே விதி அங்கே திரும்பி நிற்கும். கொழும்புக் கடையில் வேலை செய்த பிள்ளையை நிறுத்திவிட்டால், அவர் பதுளைக்குத் திரும்பி வந்தாலும் விண்ணப்பம் பொதுவாகக் கொழும்புச் சபைக்கே. ஆகவே ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன் அங்குள்ள தொழில் கந்தோருக்குப் போய் விசாரித்து வருவது புத்தி.

கையில் இருக்க வேண்டியவை

முதலில் கம்பனியின் பதிவான முழுப் பெயர். விண்ணப்பத்தில் எதிராளி கம்பனிதான். துரையின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ மட்டும் போட்டால் அதையே பிடித்துக்கொண்டு தடை சொல்வார்கள். சம்பளச் சீட்டிலும் ஈ.பி.எப். கடிதத்திலும் பெயரைப் பாருங்கள். நிர்வாகம் கைமாறிய தோட்டமானால் எந்தத் தேதியில் மாறியது என்றும் குறித்து வையுங்கள். அடுத்து அடையாள அட்டைப் பிரதி, ஈ.பி.எப். இலக்கம், வேலை நிறுத்திய கடிதம். கடிதம் தராமல் வாயால் சொல்லி நிறுத்தியிருந்தால், யார் சொன்னார், எந்த நாள், பக்கத்தில் யார் இருந்தார் என்பதை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.