மல்லரங்கிற் கதை

மற்போர் தமிழர்க்குப் புதுவதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய செய்தி புறநானூற்று 80ஆம் பாட்டிற் கூறப்படுகின்றது. பாடியவர் சாத்தந்தையார். மல்லனை எவ்வாறு மடக்கினான் என்று சொல்லிய அளவில் அப்புலவர் அமையவில்லை. கிள்ளியின் தந்தையாகிய தித்தன் மகனோடு மனம் மாறுபட்டிருந்தவன். அவன் உவப்பினும் உவவாதொழியினும் இப்போரைக் காணல் வேண்டும் என்று புலவர் விழைகின்றார். தந்தையொருவன் அரங்கின் ஓரத்தில் வந்து நின்ற அளவிலே, இருவர் உடல்வலியின் போட்டியாயிருந்தது ஒரு குடும்பத்தின் கதையாகிவிடுகின்றது.

இப்பாட்டை வகுப்பிற் பயின்ற நாளில் எம் உள்ளம் ஏட்டை விட்டகன்று, குந்தா மலையில் எம் இல்லத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் சென்று அமர்ந்தது. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. எம் இளமைப் பருவத்து மாலைகளைக் கவர்ந்துகொண்ட டபிள்யூ.டபிள்யூ.இ. மற்போரைப் பற்றியும், அதனைத் தழுவி எழுந்த வீடியோ கேம்களைப் பற்றியும் ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

இம்மற்போரை நடத்தும் அமெரிக்க நிறுவனம் 1963ஆம் ஆண்டில் வேறொரு பெயரோடு தோன்றிற்று. 1979 முதல் டபிள்யூ.டபிள்யூ.எப். என்றும், 2002 முதல் டபிள்யூ.டபிள்யூ.இ. என்றும் வழங்கி வருகின்றது. இங்கே வெற்றி தோல்விகள் முன்னரே வகுக்கப்படுவன. மக்கள் போற்றுதற்குரிய நல்லவனைப் 'பேஸ்' என்றும், அவர்தம் வெறுப்பை ஏற்றற்குரிய பொல்லாதவனை 'ஹீல்' என்றும் அத்தொழிலார் வழங்குவர். அண்ணன் தம்பியர் பகை, நண்பன் செய்த வஞ்சகம், பறிகொடுத்த பட்டம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கருவாகக்கொண்டு, வாரந்தோறும் கதையை வளர்த்துப் பெருவிழாவொன்றில் முடித்து வைப்பர். 1997இல் அண்டர்டேக்கர் என்பவரை எதிர்த்து முகமூடியணிந்து தோன்றிய கேன் என்பவர், தீயிற் கருகி இறந்தானென்று நம்பப்பட்ட தம்பியாகவே அறிமுகப்படுத்தப்பட்டார். உண்மையில் இருவர்க்கும் இரத்த உறவு யாதுமில்லை.

வகுத்து நடத்தும் இம்மறைவு 'கேபேப்' எனப்படும். அதனைப் பல்லாண்டு கட்டிக் காத்தனர். 1989ஆம் ஆண்டில், நியூஜெர்சி மாநில மேலவையின் முன்னர், தம்முடையது போட்டியன்று, கேளிக்கையே என்று அந்நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர். போட்டி விளையாட்டுக்களுக்குரிய அரசாங்கக் கட்டுப்பாட்டினின்று விலகுதற்கு அஃதொன்றே வழியாயிருந்தது. உண்மை வெளிப்பட்டமையால் அரங்குகள் வெறுமையாயினவோ எனின், இல்லை. அதன் பின்னரே இக்கேளிக்கை உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டிலும் இத்தொழில் புதிதன்று. பஞ்சாபிற் பிறந்த தாரா சிங், சிங்கப்பூரிலும் மலேயாவிலும் பொருது பெயர் பெற்றுத் திரும்பினார். கிங் காங் என்னும் பேருடல் மல்லரோடு அவர் புரிந்த போர்களை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். 1968இல் மும்பையில் அமெரிக்கராகிய லூ தெஸ் என்பவரை வென்று உலகப் பட்டம் பெற்றார். 1987இல் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றியவரும் அவரே. மல்லரங்கினின்று கூத்தரங்கிற்குச் செல்லும் வழி அவர்க்கு நெடிதாயிருந்திராது.

நிற்க. எம்முடைய முதல் மல்லரங்கு தொலைக்காட்சியன்று. ட்ரம்ப் கார்டு என்னும் சீட்டாட்டமே. மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பியில் வீழ, மின்சாரம் நின்றுபோன மாலைகளில், மெழுகுவர்த்தியைச் சுற்றியமர்ந்து ஆடுவோம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மல்லரின் உருவமும், அவருடைய உயரம், எடை, தரவரிசை முதலிய எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். ஒருவர் ஓர் எண்ணைக் கூற, அதனின் மிக்க எண்ணுடையார் சீட்டைக் கவர்ந்துகொள்வர். அங்கே கதையில்லை, எண்ணே வெல்லும். அண்டர்டேக்கர் சீட்டு எம் கையிலிருப்பின் யாம் அதனை ஆடாது ஒளித்துவைத்துத் தோற்றதும் உண்டு. அதனை இழத்தற்கு மனம் ஒருப்படவில்லை.

அவ்வண்டர்டேக்கர், ரெஸில்மேனியா என்னும் ஆண்டுப் பெருவிழாவில் 1991 முதல் 21 முறை பொருது 21 முறையும் வென்றவர். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸ் நகரில் நிகழ்ந்த முப்பதாவது விழாவில், பிராக் லெஸ்னர் அவரைத் தோளிற் சுமந்து சுழற்றி மும்முறை வீழ்த்தினார். மூன்றாம் முறை அவர் எழவில்லை. நடுவர் மூன்று எண்ணி முடித்தார். பேரிரைச்சலோடிருந்த அரங்கம் வாயடைத்து நின்றது. எமக்கு அப்போது எட்டு வயது. யாம் அழுதோம். எம் தமையனார் சிரித்துக்கொண்டு, "எல்லாம் முன்னாடியே பேசி வைத்ததுடா, இதற்குப் போய் அழுகிறாயே!" என்றார். அன்றிரவு தோல்வியினும் அச்சொல்லே எம்மை மிக வருத்திற்று. இருபத்தொரு வெற்றிகளும் அந்த ஒரு சொல்லிற் கரைந்துபோயின போலும்!

இதனைக் கேட்டிருந்தவர் எம் பாட்டனார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இலங்கை மலையகத்தினின்று நீலகிரித் தோட்டங்களிற் குடியேறிய குடும்பங்களுள் எம்முடையதும் ஒன்று. அம்மக்கள் தம் கலைகளையும் உடன்கொண்டு வந்தனர். காமன் கூத்து அவற்றுள் ஒன்று. மாசித் திங்களில், தப்பு முழங்க, காமனும் இரதியுமாக வேடமணிந்தோர் ஆடுவர். முடிவிற் சிவபெருமான் காமனை எரிப்பார். பாட்டனார் ஞாயிறுதோறும் ஆலயத்திற்குத் தவறாது செல்பவராயினும், தம் இளமையில் இக்கூத்தைக் காணவும் தவறியதில்லையாம். அவர் எம்மை அருகழைத்து, "தம்பி, காமன் எரியப் போறது தோட்டத்துக்கே தெரியும். தெரிஞ்சுதான் விடிய விடிய உக்காந்திருந்தோம். இரதி அழுதா நாங்களும் அழுதோம். அது பொய்யா?" என்றார்.

அவ்வினாவிற்கு அன்று எம்பால் விடையில்லை. வளர்ந்தபின் ஒரு செய்தி அறிந்தோம். லெஸ்னரோடு பொருத அப்போரில் அண்டர்டேக்கர் தலையில் உண்மையாகவே அடியுற்று, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். போரின் பெரும்பகுதி தமக்கு நினைவில்லை என்று பின்னர் அவரே கூறியுள்ளார். தோல்வி வகுக்கப்பட்டது, அடி வகுக்கப்படவில்லை. 1998இல் மேன்கைண்ட் என்னும் பெயரிற் பொருத மிக் போலி, சற்றொப்ப 16 அடி உயரமுள்ள கூண்டின் உச்சியினின்று கீழே எறியப்பட்டார். 1999ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் கான்சாஸ் நகரில், கயிற்றின் வழியாக அரங்கினுள் இறங்கவிருந்த ஓவன் ஹார்ட், பிணைப்புக் கழன்று வீழ்ந்து உயிர் துறந்தார். அவர்க்கு வயது 34. இவை நிகழ்ந்தன என்று அறிந்தபின் 'எல்லாம் பொய்' என்று எளிதிற் கூற எம் நா எழவில்லை.

இனி, இக்கலையின் உயிர்நிலை யாதென ஆராய்வோம். அது வெல்பவனிடத்தன்று, வீழ்பவனிடத்தே உளது என்பது எம் துணிபு. ஒருவன் மற்றொருவனைத் தூக்கி எறிகின்றான் என்று காண்கின்றோம். உற்று நோக்கின், எறியப்படுபவன் தானும் உடன் துள்ளி எழுந்து, மோவாயை மார்போடு ஒடுக்கி, முதுகு முழுதும் ஒருங்கே தரையிற் படுமாறு வீழ்கின்றான். அடியின் வன்மையைக் காண்போர்க்குக் காட்டுபவன் அடித்தவனல்லன்; அடிபட்டவனே. எறிபவனோ, தன்னை நம்பித் தரப்பட்ட ஓருடலைச் சிதையாமற் காக்கும் பொறுப்புடையவன். பகைவராகத் தோன்றும் இருவரும் ஒருவர் உயிரை ஒருவர் கையிற் கொடுத்தே பொருகின்றனர்.

வீழ்ந்தவனைப் போற்றும் உரிமை மக்களுக்கும் உண்டு. 2002ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் டொராண்டோ நகரில், ராக் என்பவரை நல்லவராகவும் ஹல்க் ஹோகனைப் பொல்லாதவராகவும் எழுத்தாளர் வகுத்திருந்தனர். அரங்கில் நிறைந்த 68,000 பேரும் பழைய வீரராகிய ஹோகனையே வாழ்த்தி ஆர்த்தனர். இருவரும் அவ்வொலியைக் கேட்டுத் தம் ஆட்டத்தின் போக்கை அங்கேயே மாற்றிக்கொண்டனர். முடிவு மாறவில்லை, ராக்கே வென்றார். எனினும் பொல்லாதவராய் அரங்கேறிய ஹோகன், தோற்றபின் நல்லவராய் இறங்கினார்.

இஃதிவ்வாறாக, வீடியோ கேம்களில் ஒரு வியப்பைக் காண்கின்றோம். அரங்கில் முடிவு வகுக்கப்பட்டது; திரையிலோ முடிவு யார்க்கும் தெரியாது. பொத்தானை விரைந்தழுத்துவோனே வெல்வான். ஆகவே மல்லர் பொருவது நடிப்பாகவும், அவரைப் போல நாம் நடிப்பது உண்மைப் போட்டியாகவும் தலைகீழாக மாறிவிடுகின்றன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'நோ மெர்சி', 2003இல் வெளிவந்த 'ஹியர் கம்ஸ் தி பெய்ன்' ஆகியவற்றை அன்பர்கள் இன்றும் புகழ்வர். ஆயினும் இருவர் எதிரெதிர் அமர்ந்து வெற்றியொன்றையே கருதி ஆடும்போது கதை பிறப்பதில்லை. வீழ்தற்கு அங்கே ஒருவரும் ஒருப்படார்.

இக்குறையை ஆட்டங்களை ஆக்குவோரும் உணர்ந்தனர் போலும். 2005இல் வெளிவந்த 'ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2006' என்பதில், ஆடுவோரையே மேலாளராக்கி, யாரோடு யாரை மோதவிடுவது என்று வகுக்கும் பகுதியொன்றை அமைத்தனர். 2022இல் வெளிவந்த 'டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே22' அம்முறையைப் புதுக்கித் தந்தது. அதிற் பேருடல் மல்லரைச் சிற்றுடல் மல்லரோடும், நல்லவரைப் பொல்லாதவரோடும் இணைத்துப் பகையை வாரந்தோறும் வளர்த்தல் வேண்டும். வென்றவர் யாவர் என்பதன்று, போர் எத்துணைச் சுவையுடையதாயிற்று என்பதே அங்குக் கணக்கு. மற்போர் ஆட்டங்களுள் மற்போரின் உண்மைக்கு மிக அணுகியது, மற்போர் புரியாத இப்பகுதியே என்பது எம் கருத்து.

எம் விடுதியில் நண்பரொருவர் மடிக்கணினியில் இவ்வாட்டம் உண்டு. பல நாள் அவரும் யாமும் வெற்றியே கருதிப் பொருதோம். ஒரே பிடியைப் பன்முறை பிடித்து இரண்டு நிமிடத்தில் முடிப்போம். யார் வென்றார் என்பது மறுநாட் காலை இருவர்க்கும் நினைவிராது. ஓரிரவு யாம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் லெஸ்னர், யாம் அண்டர்டேக்கர். 2014இல் நிகழ்ந்தவாறே முடித்தல் வேண்டும். அவர் எம்மை அடிக்குங்கால் யாம் தடுக்கக் கூடியவற்றையும் தடுக்கவில்லை. யாம் எழுங்கால் அவர் பொறுத்து நின்றார். அறையிலிருந்தோர் ஒவ்வொருவராகப் புத்தகத்தை மூடிவைத்துச் சூழ்ந்துகொண்டனர். முதல் முறை வீழ்ந்து எழுந்தோம், இரண்டாம் முறை வீழ்ந்து எழுந்தோம், கூட்டம் ஆர்த்தது. மூன்றாம் முறை, நடுவர் எண்ணத் தொடங்கினார். பொத்தானை அழுத்தின் எழலாம். எம் விரல் அதன்மேலேயே இருந்தது. யாம் அழுத்தவில்லை.

எட்டு வயதில் எம்மை அழச்செய்த தோல்வியை, பத்தொன்பதாம் வயதில் எம் கையாலேயே ஏற்றுக்கொண்டோம். பாட்டனார் அன்று வினவியதற்கு இதுவே எம் விடை. அவர் இப்போது இல்லை. இருந்திருப்பின் விடுமுறைக்குச் சென்ற முதல் மாலையே இதனைக் கூறியிருப்போம்.

புறநானூற்றிற்கு மீள்வோம். வென்ற கிள்ளியின் பெயரை அறிவோம்; காணாத தந்தை தித்தனின் பெயரையும் அறிவோம். வீழ்ந்த ஆமூர் மல்லனின் பெயரைப் புலவர் கூறவில்லை. ஆயினும் அவன் வலிமிக்கவன் என்று கூற மறந்தாரில்லை. அவன் வலியனாய் நின்று வீழாதிருப்பின், கிள்ளியின் வெற்றிக்கு ஒரு பாட்டும் பிறந்திராது.