கடல்நீர்த் தொட்டியில் ஓசோன்

ஆடி மாதத்தில் இராஜாக்கமங்கலம் கரையோரக் கடல் கலங்கிக் கிடக்கும். அந்த நீரை மொண்டு மணலில் வடிகட்டினால் கலங்கல் நின்றுவிடும்; இளமஞ்சள் சாயல் மட்டும் போகாது. கழிமுகம் வழியே சருகும் சேறும் கரைந்து வந்து சேர்ந்த கரிமப் பொருள்கள் தரும் சாயல் அது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடமோ, நாகர்கோவிலில் ஒரு வீட்டுக் கூடத்துக் கோமாளி மீன் தொட்டியோ, கடல் உயிரை வளர்க்க வேண்டுமானால் முதலில் நீரைச் சரிப்படுத்த வேண்டும். கரைந்த சாயத்தையும் நோய்க்கிருமியையும் ஒருசேர எரித்துத் தள்ளும் வலு ஓசோனுக்கு உண்டு. அளவு தப்பினால் அதே வலு மீனின் செவுள்மேல் பாயும்.

ஓசோன் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. 1840-இல் வேதியியலாளர் ஷோன்பைன் அதற்குப் பெயரிட்டார். 1857-இல் வெர்னர் சீமன்ஸ், உயர் மின்னழுத்தக் குழாய்க்குள் காற்றைச் செலுத்தி அதை உண்டாக்கும் கருவியைச் செய்தார். இன்று மீன்தொட்டிக்கு விற்கும் ஓசோனைசர்களில் பெரும்பாலானவை அந்த வழிதான். 1906 முதல் பிரான்சின் நைஸ் நகரம் குடிநீரை ஓசோனால் சுத்தம் செய்தது.

ஆனால் குடிநீர்க் கணக்கு கடல்நீருக்குப் பொருந்தாது. நன்னீரில் மிஞ்சிய ஓசோன் சிறிது நேரத்தில் ஆக்சிஜனாக மாறிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரிலோ ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. ஓசோன் பட்ட சில நொடிகளில் அது ஹைப்போபுரோமஸ் அமிலமாகிறது. இதுவும் கிருமியைக் கொல்லும். ஆனால் ஓசோனைப் போல விரைவில் மறையாது, நீரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். கடல்நீர்த் தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் ஓசோன் அல்ல, அது விட்டுப்போன இந்த புரோமின்தான். ஓசோன் நெடி வரவில்லை என்பதை வைத்து நீர் பாதுகாப்பானது என்று முடிவுகட்ட முடியாது.

அதனால் ஓசோனை நேரே தொட்டிக்குள் விடக் கூடாது. அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மருக்குள் விட்டு, அதிலிருந்து வெளிவரும் நீர் முழுவதையும் ஆக்டிவேட்டட் கார்பன் வழியே கடத்த வேண்டும். கார்பனைத் தாண்டிய நீரை நீச்சல்குளக் குளோரின் சோதனை மருந்தால் பார்க்கலாம். அந்த மருந்து புரோமினுக்கும் நிறம் காட்டும். லேசாக இளஞ்சிவப்பு தெரிந்தாலும் ஓசோனை நிறுத்திவிட்டுக் கார்பனை மாற்ற வேண்டும்.

கட்டுப்பாட்டுக்குப் பலரும் நம்பியிருப்பது ஓ.ஆர்.பி. மீட்டர். நீரின் ஆக்சிஜனேற்றத் திறனை அது மில்லிவோல்ட்டில் காட்டும். 350 மில்லிவோல்ட்டில் கன்ட்ரோலர் ஓசோனை நிறுத்தும்படி வைப்பது வழக்கம். 400-ஐத் தாண்ட வேண்டிய தேவை வீட்டுத் தொட்டிக்கு இல்லை. ஆனால் அந்த எண் ஓசோனின் அளவு அல்ல. தீனி போட்டால் இறங்கும், பி.எச். குறைந்தால் ஏறும். ப்ரோபின் பிளாட்டினம் முனையில் வழுவழுப்பு படிந்துவிட்டால் நீரின் மாற்றத்தைத் தாமதமாகத்தான் சொல்லும். ‘இன்னும் போதவில்லை’ என்று நினைத்துக் கன்ட்ரோலர் ஓசோனை விட்டுக்கொண்டே இருக்கும். ப்ரோபை அவ்வப்போது துடைத்து, சோதனைக் கரைசலில் சரிபார்ப்பது தவிர்க்க முடியாத வேலை.

என்னைக் கேட்டால், கன்ட்ரோலரைவிட நம்பகமான காவல் சின்ன ஓசோனைசர்தான். 100 லிட்டருக்கு மணிக்கு 5 முதல் 10 மில்லிகிராம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தொடக்கத்தில் அதற்கும் குறைவாகவே விடலாம். 300 லிட்டர் தொட்டிக்கு 200 மில்லிகிராம் கருவியை வாங்கி, ‘குறைத்து வைத்துக்கொள்ளலாம்’ என்பது வம்பை விலைகொடுத்து வாங்குவது. கன்ட்ரோலர் பழுதாகி இரவு முழுக்க ஓடினாலும் மீன் பிழைக்கும் அளவில்தான் கருவி இருக்க வேண்டும். மழைக்காலத்துக் கலங்கல் நீர் ஓசோனை விழுங்கித் தீர்க்கும். அப்போது ஏற்றிவைத்த அளவை மாசி மாதத்துத் தெளிந்த நீருக்கும் அப்படியே விட்டால், விழுங்க அழுக்கில்லாமல் அத்தனையும் மிச்சமாக நிற்கும்.

கரண்ட் போய்த் திரும்பும் நேரமும் ஆபத்தானது. ஸ்கிம்மர் பம்ப் மெயின் லைனிலும் ஓசோனைசர் இன்வெர்ட்டரிலும் இருந்தால், கரண்ட் போனதும் நீரோட்டம் நின்றிருக்க ஓசோன் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே இணைப்பில் மாட்டுவது முதல் படி. நீர் ஓடினால்தான் ஓசோனைசர் இயங்கும்படி ஃப்ளோ ஸ்விட்ச் வைப்பது இன்னும் நல்லது. பம்ப் நின்றால் தொட்டி நீர் குழாய் வழியே பின்னால் ஏறாதபடி, ஓசோனைசரை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

கடற்கரை ஊரில் ஈரக்காற்று இன்னொரு தொல்லை. ஈரம் கலந்த காற்றிலிருந்து ஓசோன் குறைவாகவே வரும். கருவிக்குள் நைட்ரிக் அமிலமும் உண்டாகி அரிக்கும். காற்றை சிலிக்கா ஜெல் வழியே உலர்த்தி அனுப்புவது இதற்காகத்தான். நீல மணி இளஞ்சிவப்பானால் காய வைக்க வேண்டும். புது ஜெல் போட்டதும் குமிழைத் தொடாமலே ஓசோன் கூடும் என்பதால், அன்றைக்கு மீட்டரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ரப்பர் விளையும் குமரி மாவட்டத்தில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது: ஓசோன் குழாய்க்கு ரப்பர் ஆகாது. இயற்கை ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் வெட்டிவிடும், குழாய் வெடித்துக் கசியும். சிலிக்கோன் குழாயே போடலாம். கசிந்த ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். வேலையிடத்தில் 8 மணி நேரத்துக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு 1 கோடிப் பங்கு காற்றில் 1 பங்கு. நெடி அதற்கு முன்பே மூக்கில் ஏறும். ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால், வெளியே போய்வந்து முகர்ந்தால்தான் தெரியும். ஸ்கிம்மரின் காற்று வெளியேறும் வாயிலும் கொஞ்சம் கார்பன் வைக்கலாம்.

குஞ்சு பொரிக்கும் தொட்டியில் இந்த வேலையே வேண்டாம். இளங்குஞ்சும், அதற்குத் தீனியாகும் ரோட்டிஃபரும், பாசியும் துளி மிச்சத்தையும் தாங்காது. அந்தத் தொட்டிக்கான கடல்நீரைத் தனிச் சேமிப்பில் ஓசோனிட்டு, கார்பனில் கடத்தி, நன்றாகக் காற்றூட்டி, சோதனை மருந்தில் நிறமே வராதபோது எடுத்து ஊற்ற வேண்டும்.